உறைந்த நீரும் ஓர் உழக்கு உப்பும்

பனி என்னும் ஒரே சொல்லைக் கொண்டு நம் முன்னோர் எத்தனையோ பொருள்களைச் சுட்டி வந்திருக்கின்றனர். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. விடியற்காலையில் வயல்மீது புகைபோலப் படரும் மூட்டமும் பனி. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். மலைமுகட்டில் வெண்மையாய்ப் படிந்து கிடப்பதும் பனிதான். இத்தனைக்கும் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சமவெளியில் வாழும் நமக்குப் பனி பெரிய பகைவனாக வந்ததில்லை. மூக்கில் நீர் வடிந்தால் சுக்குக் கஷாயம் குடித்தோம். அவ்வளவோடு அதன் கதை முடிந்தது.

அரபு மொழி இவ்வகையில் சற்று நுட்பமானது. துளிப்பனி 'நதா' எனப்படும். நிலத்தின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும் உறைபனி 'ஸகீஉ'. பஞ்சுபோல் வானிலிருந்து இறங்குவது 'ஸல்ஜ்'. கல்லாய் விழும் ஆலங்கட்டி 'பரத்'. உறைந்து இறுகிய கட்டி 'ஜலீத்'. மதரஸாவில் ஓதிய எவருக்கும் இவற்றுள் இரண்டு சொற்களேனும் மனப்பாடமாயிருக்கும். ஷாஃபியீ மத்ஹபின் தொடக்கநிலைக் கிதாபுகளில், ஒளுச் செய்வதற்கு ஏற்ற நீர் ஏழு வகையென எண்ணுவார்கள். மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர், பனி உருகிய நீர், ஆலங்கட்டி உருகிய நீர் என்பன அவை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களின் வெண்மையைத் தவிர வேறு வெண்மை அறியாத எங்கள் கடற்கரை ஊரில், வியர்வை வழிய அமர்ந்து இந்த ஏழையும் விரல்விட்டு எண்ணிய பிள்ளைகள் எத்தனையோ தலைமுறையினர். அவர்களுள் நானும் ஒருவன். பின்னர் அதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவனும் ஆவேன். ஆறாவது நீரை நான் கண்ணால் கண்டது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே.

2022 டிசம்பர் இறுதியில் நானும் என் மனைவியும் கனடா நாட்டின் டொரொன்டோ மாநகருக்குச் சென்றோம். அங்கே ஸ்கார்பரோ என்னும் பகுதியில் எங்கள் மகளும் மருமகனும் வாழ்கின்றனர். மருமகனின் தாயாரும் அவர்களோடு இருக்கிறார். மார்ச்சு மாதம் முடிய அவ்வீட்டில் தங்கினோம். வெண்பனியின் அழகைப் பாடுவோர் பலர் உளர். அந்தப் பணியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்புகுவது அழகற்ற ஒரு செய்தி. விழுந்த பனி வாசலில் உறைந்து போனால் அதை யார் அகற்றுவது, எப்படி அகற்றுவது, அகற்றத் தவறினால் யார் பொறுப்பு என்பதே அது. இது வெறும் வீட்டு வேலையன்று. அறமும் சட்டமும் இயற்கையின் விதிகளும் ஒரு சாண் அகல நடைபாதையில் வந்து சந்திக்கின்ற இடம் இது என்பதை அந்த மூன்று மாதங்களில் கண்டுகொண்டேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். மனிதரை வீழ்த்துவது பெரும்பாலும் புதிதாய் விழுந்த பனியன்று. அது காலைத் தாங்கிக் கொள்ளும், நறநறவென்று ஒலிக்கும். வீழ்த்துவது உறைந்த கட்டி. அது பல வழிகளில் உருவாகிறது. வாராமல் விட்ட பனியைப் பலரும் மிதித்து நடக்க, அது அழுந்தி இறுகிக் கட்டியாகிறது. பகல் வெயிலில் உருகிய பனி பாதையின் குறுக்கே ஓடி, அந்தி சாய்ந்ததும் உறைந்து விடுகிறது. சில நாட்களில் வானத்தின் மேலடுக்கில் வெதுவெதுப்பான காற்றும் தரையை ஒட்டிக் கடுங்குளிரும் நிலவும். அப்போது மழையாய் இறங்கும் துளி, தொட்ட மாத்திரத்தில் கண்ணாடியாய் உறைந்து விடும். 1998 ஜனவரியில் கனடாவின் கிழக்குப் பகுதியில் நாட்கணக்கில் பெய்த இத்தகைய உறைமழையால் மின்கோபுரங்களே சரிந்து விழுந்தன. 2013 டிசம்பரில் டொரொன்டோ நகரிலேயே இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. இவற்றுள் மிகக் கொடியது, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம். அது நிறமற்றது, கீழேயுள்ள தாரின் கருமை அதன் வழியே தெரியும். அதனால் அதை 'பிளாக் ஐஸ்' என்கின்றனர். ஈரத்தரை என்றெண்ணி ஒருவன் கால் வைப்பான். அடுத்த கணம் வானத்தைப் பார்த்துக் கிடப்பான்.

இந்தப் பகையை வெல்லும் வழிகளுள் தலையாயது, அது பிறக்குமுன் தடுப்பது. என் மருமகன் பனி பொழிந்த நாட்களில் சுபுஹுத் தொழுகைக்கு முன்னரே எழுந்து விடுவார். அகன்ற வாயுடைய நெகிழித் தட்டுவாரியைக் கொண்டு, படிக்கட்டு, வாசல், தெருவோர நடைபாதை என்ற வரிசையில் தள்ளிக் கொண்டே போவார். "இன்னும் கொஞ்சம் விடியட்டுமே" என்று நான் சொன்னபோது, "இல்லை மாமா, பேப்பர் போடுகிற பையன் ஐந்து மணிக்கு வந்து விடுவான், அவன் மிதித்த இடமெல்லாம் அச்சாக உறைந்து போகும். அதற்குப் பிறகு வாரி நுழையாது" என்றார். புதுப்பனியை வாருவதற்குப் பத்து நிமிடம் போதும். அதே பனி மிதிபட்டு இறுகிய பின் இரும்புக் கம்பியால் குத்திப் பெயர்க்க ஒரு மணி நேரம் ஆகும்.

வாரிய பனியை எங்கே குவிப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாதையை விட மேடான பக்கத்தில் குவித்தால், அது பகலில் உருகிப் பாதையின் குறுக்கே ஓடி இரவில் உறையும். தாழ்ந்த பக்கத்தில் குவித்தால் நீர் தன் வழியே போய்விடும். பனியை வெறும் குப்பையாய் எண்ணுகிறவன் அதைக் கண்ட இடத்தில் எறிவான். அது நாளைய நீர் என்று எண்ணுகிறவன் அதற்கு ஒரு போக்கிடம் பார்ப்பான்.

இந்த வேலையில் உயிருக்கே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கியூபெக் மாகாணத்தின் பல்லாண்டுக்கால மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பெரும்பனி பொழிந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதை எடுத்துக் காட்டிற்று. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கனத்த ஈரப்பனியைத் தூக்கும் கைகள் இதயத்தைத் திடீரென விரட்டுகின்றன. ஆகவே தூக்காமல் தள்ளுவது, சிறிது சிறிதாய் வாருவது, வயது முதிர்ந்தோர் இளையவரிடம் விட்டுவிடுவது என்பன அங்குள்ள மருத்துவர்களின் அறிவுரை.

இனி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்புக்கும் உறைபனிக்கும் உள்ள உறவை நாம் அறியாதவர்கள் அல்லர். குல்ஃபி விற்பவர் தம் பானைக்குள் பனிக்கட்டியை நொறுக்கிப் போட்டு, அதன்மேல் கைப்பிடி உப்பைத் தூவுவதைக் கண்டிருப்போம். உப்பு கலந்த நீர், தூயநீர் உறைகிற பூஜ்யம் டிகிரியில் உறைவதில்லை. அதற்கும் கீழே போனாலும் நீராகவே நிற்கும். அதனால் பானையிலுள்ள கட்டி உருகத் தொடங்கி, உருகும்போதே சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கொள்கிறது, பால் உறைகிறது. வாசலில் தூவும் உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. கட்டியின் மேற்பரப்பில் கரைந்து, உறையாத உவர்நீராகி, மெல்லக் கீழிறங்கி, கட்டிக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பை விடுவிக்கிறது. அதன்பின் வாரியால் பெயர்த்தெடுக்கலாம். உப்பின் பணி கட்டியை முழுவதும் உருக்குவதன்று, பிடியைத் தளர்த்துவதே. இதை அறியாதவர்களே மூட்டை மூட்டையாய்க் கொட்டுகின்றனர்.

அந்நாட்டு உப்பின் பெரும்பகுதி வெயிலில் விளைவதன்று. ஹியூரான் என்னும் பேரேரியின் கரையில் காடரிச் என்று ஓர் ஊர். 1866ஆம் ஆண்டில் அங்கே எண்ணெய்க்காகத் துளையிட்டவர்கள் உப்பைக் கண்டனர். இன்று அந்த ஏரியின் அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் நடக்கும் சுரங்கம், உலகின் நிலத்தடி உப்புச் சுரங்கங்களுள் மிகப் பெரியதென்பர். நம் ஊர் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கும் தொழிலாளி, தம் விளைபொருளைத் தெருவில் கொட்டுகிறார்கள் என்று கேட்டால் நம்பமாட்டார்.

ஆனால் உப்பின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரணக் கல்லுப்பு, தரையின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 9 அல்லது 10 டிகிரிக்கு இறங்கும்வரை ஓரளவு விரைந்து வேலை செய்யும். அதற்கும் கீழே அதன் வேகம் குன்றிவிடும். 21 டிகிரிக்குக் கீழே எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு என்னும் வேறு உப்பு உண்டு. அது கரையும்போதே வெப்பத்தை உமிழும், விலையும் கூடுதல். எதுவும் பலிக்காத நாளில் மணலே துணை. மணல் எதையும் உருக்காது. காலுக்குப் பிடிப்பைத் தரும். ஆகவே உப்பை எடுக்குமுன் தட்பவெப்பமானியைப் பார்க்க வேண்டும். இந்த எளிய செய்தியைப் புறக்கணிப்பதால் விளையும் துன்பத்தை எங்கள் குடும்பமே பட்டறிந்தது.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டொரொன்டோவைக் கடுங்குளிர் தாக்கிற்று. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியை ஒட்டிச் சென்றது. மறுநாட்காலை என் சம்பந்தியம்மாள், வீட்டுக்கு அருகிலுள்ள கடைவளாகத்துக்குக் காய்கறி வாங்கப் போனார். கடைவாசலில் உப்பு ஏராளமாய்க் கொட்டிக் கிடந்தது. உப்பு கிடக்கிறதே என்ற நம்பிக்கையில் கால் வைத்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுபத்தெட்டு வயதில் அறுவை மருத்துவம், அதன்பின் பல வாரங்கள் படுக்கை, பின்னர் கைத்தடி. தம் வேலைகளையெல்லாம் தாமே பார்த்துக் கொண்டிருந்த அப்பெண்மணி, ஒளுச் செய்வதற்கும் மருமகளின் தோளைப் பற்ற வேண்டியதாயிற்று. முதுமையில் வீழ்தல் என்பது எலும்பு முறிவோடு நிற்பதில்லை; தனித்து நடக்கும் துணிவையும் அது முறித்து விடுகிறது.

இரண்டு நாட்களுக்குப் பின் நானும் மருமகனும் அவ்விடத்தைச் சென்று பார்த்தோம். அந்தக் கட்டடத்தின் கூரைநீரை இறக்கும் குழாய், சுவரோரமாய் வந்து, நடைபாதையை நோக்கியே வாய் திறந்திருந்தது. கட்டடத்துக்குள் எரியும் கணப்பின் வெப்பத்தாலும் பகல் வெயிலாலும் கூரைப்பனி உருகி, அக்குழாய் வழியே நடைபாதையின் குறுக்கே ஓடியிருக்கிறது. இரவில் அது உறைந்திருக்கிறது. மேலே கொட்டிய உப்பு அந்தக் குளிரில் கரையாமல் கல்லாகவே கிடந்திருக்கிறது. நாங்கள் நின்றபோதும் குழாயின் வாயில் விரல் பருமனில் நீர் கசிந்து கொண்டிருந்தது. உப்புக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதியை அந்தக் குழாய்க்குச் செலவிட்டிருந்தால் அந்தக் கட்டியே தோன்றியிராது.

அங்கே நின்றபோது என் நினைவு ஒரு பாடத்துக்குச் சென்றது. ஹிஜ்ரி 676இல், அதாவது 1277இல், மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் சட்டநூலை ஓதியவர்கள் இதை அறிவார்கள். பொதுவழியை நோக்கிக் கூரைநீர்த் தூம்பு வைப்பது ஆகும்; ஆயினும் அதனால் நேரும் சேதத்துக்கு வைத்தவர் பொறுப்பாளியா? இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் முற்காலக் கருத்துப்படி பொறுப்பில்லை. ஏனெனில் தூம்பு வீட்டுக்கு இன்றியமையாத தேவை. பிற்காலக் கருத்துப்படி பொறுப்பு உண்டு. இதுவே மத்ஹபில் நிலைபெற்ற கருத்து. தேவை என்பது அனுமதியைத் தரும். பொறுப்பினின்று விடுதலையைத் தராது.

அதே இயலில் தர்பூசணித் தோலின் மஸ்அலாவும் வருகிறது. வழியில் பழத்தோலை எறிந்து, அதில் ஒருவர் வழுக்கி விழுந்தால், எறிந்தவர் ஈடு செய்ய வேண்டும். வழியில் நீர் தெளிப்பதைப் பற்றியும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். நடப்போருக்குப் புழுதி எழாதிருக்கப் பொதுநலம் கருதி அளவோடு தெளித்தவர்மேல் குற்றமில்லை. தம் சொந்த நலத்துக்காகத் தெளித்தவர், விழுந்தவருக்குப் பொறுப்பாவார். என் மாணவர்கள் இந்தப் பாடங்களின்போது சிரிப்பதுண்டு, "பழத்தோலுக்கும் ஒரு சட்டமா, உஸ்தாது?" என்று கேட்பதுண்டு. ஓர் இடுப்பெலும்பின் விலை என்னவென்று அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது என்பதை ஸ்கார்பரோவில் உணர்ந்தேன்.

மேற்குலகின் நீதிமன்றங்களும் இதே வினாக்களோடுதான் போராடி வந்திருக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நெடுங்காலம் ஒரு விசித்திரமான பாகுபாடு இருந்தது. இயற்கையாய் விழுந்து உறைந்த பனியில் ஒருவர் வழுக்கினால் இடத்துக்கு உரியவர் பொறுப்பல்லர். அவர் கைபட்டு உருமாறிய பனியில், அல்லது அவருடைய குழாய்நீர் உறைந்த கட்டியில் வழுக்கினால் பொறுப்பாவார். இதன் விளைவு என்ன? கையைக் கட்டிக் கொண்டு சும்மா இருந்தவன் தப்பினான். அரைகுறையாகவேனும் வாரியவன் மாட்டிக் கொண்டான். 2010ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை நீக்கி, எவ்வகைப் பனியாயினும் உரியவர் நியாயமான கவனம் எடுத்தாரா என்பதையே பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. இல்லினாய் மாநிலமோ 1979இல் வேறொரு வழியை வகுத்தது. தம் வீட்டையொட்டிய நடைபாதையின் பனியை அகற்ற முன்வருவோர்மேல், வேண்டுமென்றே தீங்கிழைத்தாலன்றி வழக்கில்லை என்று சட்டம் இயற்றி, வாருவோரை ஊக்கிற்று. பொதுநலம் கருதி நீர் தெளித்தவரை விடுவித்த நம் அறிஞர்களின் எண்ணமும் இதுவேயன்றோ?

டொரொன்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில், ஓரிடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், அங்கு வருவோரின் பாதுகாப்புக்கு நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நகராட்சியே துப்புரவு செய்யாத நடைபாதைகளில், பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள உரிமையாளர் வாரிவிட வேண்டும் என்பது டொரொன்டோ நகர விதி. தனியார் இடத்தில் பனியில் விழுந்து காயமுற்றவர் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் வழக்காடலாம் என்று 2021 ஜனவரி 29 முதல் ஒரு திருத்தமும் நடப்பில் உள்ளது.

அந்த 60 நாட்களைப் பற்றி எங்கள் வீட்டில் இரவு பகலாய்ப் பேச்சு நடந்தது. அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றார் மருமகன். அதில் தவறேதும் இல்லை; ஈடு கேட்பது காயமுற்றவரின் உரிமை. படுத்திருந்த சம்பந்தியம்மாள் மகனை அழைத்தார். "வாப்பா, நோட்டீசைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். முதலில் போய் அந்தக் குழாயைத் திருப்பச் சொல். இன்றைக்கு ராத்திரியும் அது ஒழுகும், நாளைக்கு இன்னொரு உம்மா வருவாள்" என்றார். மருமகன் அன்று மாலையே சென்றார். கடைக்காரர் முதலில் அஞ்சினார். கட்டடம் தமக்குச் சொந்தமில்லை, வாடகைக்குத்தான் இருக்கிறோம் என்றார். பின்னர் குழாயின் வாயைப் பார்த்து நெடுநேரம் நின்றிருக்கிறார். மறுநாள் ஒரு தொழிலாளியைக் கொண்டு, வளைவுக் குழாய் ஒன்றைப் பூட்டி, நீரைக் கட்டடத்தின் பின்புறத்திலுள்ள மண்தரைக்குத் திருப்பி விட்டார். அரைநாள் வேலை. அதன்பின் ஒரு பழக்கூடையோடு சம்பந்தியம்மாளைக் காண வந்தார். மருமகன் அறிவிப்பையும் அனுப்பினார். காப்பீட்டு நிறுவனத்தோடு பேச்சு முறைப்படி நடந்தது. ஒருவர்மேல் ஒருவர் கசப்பின்றி உரிமையைக் கேட்கவும் கொடுக்கவும் கூடும் என்பதை அங்கே கண்டேன். ஆயினும் அந்த அம்மையார் வகுத்த வரிசையை மறக்க இயலவில்லை: முதலில் இடரை அகற்றுதல், பின்னரே ஈட்டைக் கேட்டல்.

இங்கே இன்னொரு சிக்கல் தலை நீட்டுகிறது. வழக்குக்கு அஞ்சுகின்ற வணிகர் என்ன செய்கிறார்? குழாயைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பதில்லை, உப்பைக் கொட்டுகிறார். உப்புக் கண்ணுக்குத் தெரியும். நாளை நீதிமன்றத்தில் "நான் என் கடமையைச் செய்தேன்" என்று சொல்ல உதவும். பனி அகற்றும் ஒப்பந்தக்காரரும் அவ்வாறே. வாகனங்கள் நிற்கும் பெருந்திடல்களில் உப்பு வெண்மணலாய்ப் பரந்து கிடப்பதை நான் பலமுறை கண்டேன். இந்த உப்பு எங்கே போகிறது? பனி உருகும்போது கரைந்து, வடிகாலில் இறங்கி, ஓடைக்கும் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. அதிலுள்ள குளோரைடு மக்கிப் போவதில்லை, ஆவியாவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 19 லிட்டர் நன்னீரை, நீர்வாழ் உயிர்களுக்கு ஒவ்வாததாக்கப் போதுமென அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தார் கணக்கிட்டுள்ளனர். நீண்டகாலம் நீர்வாழ் உயிர்கள் தாங்கக்கூடிய அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் குளோரைடு என்று கனடா 2011இல் வரையறுத்தது. அதற்கு முன்னரே, 2001இல், சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடிய அரசின் மதிப்பீடு முடிவு செய்திருந்தது. சிமெந்துத் தரையும் இதனால் செதில் செதிலாய்ப் பெயர்கிறது. உறையும்போது நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடைகிறது. உப்பினால் மீண்டும் மீண்டும் உருகி உறையும் நீர், சிமெந்தின் நுண்துளைகளை உள்ளிருந்தே உடைக்கிறது.

ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. என் வாசலின் இடரை அகற்றுவதற்காக, ஊராரின் நீரில் உவர்ப்பைக் கலக்க எனக்கு உரிமையில்லை. அதற்காக உப்பே கூடாதென்று சொல்லி, முதியவர்களை விழவிடவும் உரிமையில்லை. இரண்டுக்கும் நடுவே அளவு என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ள நீர்க்காப்பு அமைப்புகள் அந்த அளவை மிக எளிதாகச் சொல்கின்றன: ஏறத்தாழ 500 சதுர அடித் தரைக்கு ஒரு காப்பிக் குவளை உப்புப் போதும். நம் வழக்கில் சொன்னால் ஏறத்தாழ ஓர் உழக்கு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விழும்படி தூவினாலே போதுமாம். அதுவும் வாரிய பின்னர்தான். வாராத பனிமேல் தூவிய உப்பு, பனியோடு வாரிக்குள் போய்விடும். உலர்ந்த தரையில் எஞ்சிய உப்பைப் பெருக்கி எடுத்து வைத்து, மறுமுறைக்குப் பயன்படுத்தலாம்.

வணிகர்களின் அச்சத்துக்கும் மருந்து தேடியிருக்கின்றனர். நியூ ஹாம்ஷயர் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் செய்தது. உப்பை அளவோடு தூவப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய தொழிலாளிகளுக்கும், அவர்களை அமர்த்தும் உரிமையாளர்களுக்கும், பனியில் வழுக்கிய வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பை அது அளிக்கிறது. அவர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு குளிரில், எவ்வளவு உப்புத் தூவினோம் என்று ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். அதிகமாய்க் கொட்டுவதே பாதுகாப்பு என்ற மயக்கத்தை இத்தகைய ஏடு தெளிவிக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து என்ற சிற்றூரில் 1988 முதல் வேறொரு வழி நடப்பில் உள்ளது. மின்நிலையத்தின் வீண்வெப்பத்தால் சூடேறிய நீரைக் கடைத்தெருவின் நடைபாதைக்கு அடியிலுள்ள குழாய்களில் ஓடவிட்டு, உப்பில்லாமலேயே பனியை உருக்குகின்றனர். எல்லா ஊருக்கும் இது கைகூடாது. எறியப்படும் வெப்பத்தையும் பயன்படுத்தலாம் என்ற நினைவுக்கு இது ஒரு சான்று.

வீட்டாருக்கு மற்றொரு கூரைச் சிக்கலும் உண்டு. உட்கூரையில் கசியும் வெப்பம் மேலே உள்ள பனியை உருக்க, அந்த நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்ததும் உறைந்து ஓர் அணைபோல் நிற்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஓடுகளின் அடியில் புகுந்து சுவரை நனைக்கிறது. ஏணி வைத்து ஏறி அதைச் சுத்தியால் உடைப்போர் உண்டு. ஓடும் உடையும், காலும் உடையும். நோய் இறவாரத்தில் இல்லை, உட்கூரையில் இருக்கிறது. வெப்பம் கசியும் துளைகளை அடைத்து, உட்கூரையில் காப்புப் பஞ்சைப் போதுமான அளவு பரப்பி, காற்றோட்டத்தைச் சீர்செய்தால் அணையே கட்டாது. குழாயிலும் கூரையிலும் கண்ட பாடம் ஒன்றே: உறைந்த கட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட, அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது அறிவுடைமை.

நம்மவருள் பலரின் மக்கள் இன்று அத்தகைய நாடுகளில் வீடும் கடையும் வாங்கி வாழ்கின்றனர். பெற்றோர் பலர் குளிர்காலத்தில் அங்கு சென்று தங்குகின்றனர். செல்பவர்கள் அடிப்பாகம் வரிப்பள்ளமுள்ள காலணியை முதலில் வாங்கிக் கொள்ளட்டும். கைகளைச் சட்டைப்பையில் நுழைக்காமல், உடலைச் சற்று முன்சாய்த்து, வாத்தைப் போலச் சிற்றடி வைத்து நடக்கட்டும். வீடும் கடையும் உடையவர்கள், குளிர் தொடங்குமுன் ஒரு மழை நாளில் வெளியே வந்து, தங்கள் கூரைநீர் எங்கே விழுகிறது, யார் நடக்கும் வழியில் ஓடுகிறது என்று பார்க்கட்டும். பார்த்துத் திருப்ப வேண்டியதைத் திருப்பிய பின்னர், வாரியையும் ஓர் உழக்கு உப்பையும் வாசலருகே வைத்துக் கொள்ளட்டும்.